பிரசவம் முடிஞ்சாச்சு, அடுத்து என்ன? வார்டுலயும் வீட்டுலயும் எல்லாரும் கேக்குற கேள்விகள்

நான் பிரசவ வார்டுல நர்ஸ். டிஸ்சார்ஜ் பேப்பரை கையில குடுத்ததும் "சிஸ்டர், ஒரு நிமிஷம்"னு ஆரம்பிப்பாங்க பாருங்க, அந்த கேள்விங்கதான் இதெல்லாம். முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். குழந்தை அழுத அந்த நிமிஷத்துலயே ரூம்ல இருக்குற அத்தனை கண்ணும் தொட்டில் பக்கம் திரும்பிடும், பெத்தவ ஓரமா படுத்திருப்பா. ஆனா அம்மாவுக்கும் சரி குழந்தைக்கும் சரி, உயிருக்கு ஆபத்து அதிகமா வர்றது பொறந்த அன்னைக்கும் அதுக்கப்புறம் வர்ற சில நாளும்தான். அதனால இங்க குழந்தைக்கு எவ்ளோ இருக்கோ அம்மாவுக்கும் அவ்ளோ இருக்கும்.

நார்மல் டெலிவரிதான், ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க, அப்புறம் எதுக்கு 24 மணி நேரம் பிடிச்சு வெச்சிருக்கீங்க?

நல்லா இருக்காங்கன்னு உறுதியா சொல்றதுக்கே அந்த 24 மணி நேரம் வேணும். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் கர்ப்பப்பைக்குள்ள ஒரு பெரிய புண்ணு மாதிரி இருக்கும், அங்க இருக்குற ரத்தக்குழாய்ங்களை நெருக்கி மூடுறது கர்ப்பப்பையோட தசைதான், அது கல்லு மாதிரி இறுகணும், இறுகலைன்னா ரத்தம் நிக்காது. 500 மில்லிக்கு மேல போனாலே அதிக ரத்தப்போக்குன்னு எடுத்துக்கறோம். இதுல மோசம் என்னன்னா அம்மா சிரிச்சு பேசிக்கிட்டே இருப்பாங்க, போர்வைக்கு அடியில பேடு ஊறிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் நாங்க அடிக்கடி வந்து போர்வையை தூக்கி பாக்குறது, தொப்புள் பக்கம் கை வெச்சு அமுக்குறது, பிபி நாடி பாக்குறது எல்லாம். இப்பதானே பாத்தீங்கன்னு சலிச்சுக்காதீங்க. ஒன்னுக்கு போனீங்களான்னு திரும்பத் திரும்ப கேக்குறதும் இதுக்குத்தான், மூத்திரப்பை நிரம்பி இருந்தா கர்ப்பப்பையை சுருங்க விடாது. 6 மணி நேரம் ஆகியும் போகலைன்னா கூச்சப்படாம சொல்லிடுங்க. சிக்கல் இல்லாத நார்மல் டெலிவரிக்கும் குறைஞ்சது 24 மணி நேரம் இருக்கணும்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது.

வீட்டுக்கு வந்தப்புறமும் ரத்தம் போகுது, எவ்ளோ நாள் போகும்?

முதல் 3, 4 நாள் நல்ல சிவப்பா, அப்புறம் பழுப்பு கலந்த ரோஸ் கலர்ல, 10 நாள் வாக்குல வெளிர் மஞ்சளா மாறி, 4 முதல் 6 வாரத்துக்குள்ள நின்னுடும். பால் குடுக்கும்போதும் படுக்கையில இருந்து எழும்போதும் திடுக்குன்னு கொஞ்சம் கூட வரும், அது பரவால்ல. ஒரு பெரிய பேடு ஒரு மணி நேரத்துல முழுசா நனைஞ்சா, கட்டி கட்டியா வந்தா, குறைஞ்சு வந்த ரத்தம் திடீர்னு மறுபடி சிவப்பா கொட்டினா, கெட்ட நாத்தம் அடிச்சா, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டா உடனே கிளம்புங்க. இந்த அதிக ரத்தப்போக்கு முதல் நாளோட முடிஞ்சுபோற விஷயம் இல்ல, உள்ள நஞ்சுக்கொடி துண்டு தங்கிட்டாலோ கிருமி பிடிச்சாலோ வாரம் கழிச்சு கூட வரும். காலையில பாத்துக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க.

குழந்தை பால் குடிக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்குது, ஏதாவது பிரச்சனையா?

இல்ல. குழந்தை சப்பும்போது ஆக்சிடோசின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும், அது பாலையும் இறக்கி விடும், கர்ப்பப்பையையும் சுருக்கும். ரெண்டாவது மூணாவது குழந்தைக்கு வலி இன்னும் ஜாஸ்தி. பொறந்த அன்னைக்கு ஒரு கிலோ பக்கம் இருக்குற கர்ப்பப்பை ஆறு வாரத்துல 60 கிராம் அளவுக்கு வந்தாகணும், அந்த வேலைதான் நடக்குது.

பொறந்ததும் குழந்தையை ஏன் குளிப்பாட்டாம அப்படியே அம்மா மேல போட்டீங்க?

வேணும்னேதான். உள்ள 37 டிகிரி சூட்டுல தண்ணிக்குள்ள இருந்த குழந்தை ஈர உடம்போட வெளிய வருது, துடைச்சு உடனே அம்மா நெஞ்சுல தோலோட தோலா போட்டா அந்த சூட்டுலயே குழந்தையோட சூடு நிக்கும், மூச்சு சீராகும், ஒரு மணி நேரத்துக்குள்ள தானா தேடி பால் குடிக்க ஆரம்பிச்சுடும். மேல வெள்ளையா மாவு பூசின மாதிரி இருக்கே அது அழுக்கு இல்ல, தோலுக்கு பாதுகாப்பு. குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப் போடுங்க.

எடை குறைஞ்ச குழந்தைங்களுக்கு இது இன்னும் முக்கியம். 1978-ல கொலம்பியாவோட பொகோட்டா நகரத்துல எட்கர் ரேங்கற டாக்டர், இன்குபேட்டர் பத்தாம ஒன்னுல ரெண்டு குழந்தையை படுக்க வைக்க வேண்டிய நிலைமையில, குழந்தையை அம்மா நெஞ்சோட கட்டி வைக்க சொன்னார். அதுதான் இப்ப கங்காரு முறைன்னு சொல்றாங்க. வேற வழியில்லாம ஆரம்பிச்சது, ஆனா 2021-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, எடை குறைஞ்ச குழந்தைக்கு பொறந்த உடனேயே இப்படி செஞ்சா சாவு கால்வாசி குறையுதுன்னு தெரிஞ்சுது. அப்பாவும் செய்யலாம், சட்டையை கழட்டிட்டு உக்காந்தா போதும்.

பால் வரவே இல்ல சிஸ்டர், குழந்தை பட்டினி கிடக்குது, பவுடர் பால் குடுத்துடவா?

இந்த கேள்வி வராத டியூட்டியே கிடையாது. முதல் ரெண்டு நாள் வர்றது சீம்பால், கெட்டியா, மஞ்சளா, சொட்டு சொட்டாத்தான் வரும், அமுக்கி பாத்துட்டு ஒன்னுமே இல்லன்னு முடிவு பண்ணிடுவாங்க. முதல் நாள் குழந்தைக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் போதும், அதுக்கு மேல அந்த வயித்துக்கு வேலை இல்ல. பால் நெறைய இறங்குறது ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள, சிசேரியன்னா சில சமயம் ஒரு நாள் லேட் ஆகும். அதுவரைக்கும் செய்ய வேண்டியது ஒன்னுதான், அடிக்கடி மார்ல போடணும், ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, ராத்திரியும் சேத்து. சப்ப சப்பத்தான் சுரக்கும், ஒரு வேளைக்கு பாட்டிலை குடுத்தா உடம்பு இவ்ளோதான் தேவை போலன்னு குறைச்சுக்கும், அப்புறம் உண்மையாவே பால் பத்தாம போயிடும்.

ரெண்டாம் நாள் ராத்திரி ஸ்பெஷலா சொல்லணும். முதல் நாள் சமத்தா தூங்கின குழந்தை அன்னைக்கு விடிய விடிய மாரை விடாது, எடுத்தா கத்தும், வீடே சேர்ந்து பால் பத்தலைன்னு தீர்ப்பு எழுதிடும். அது பாலை வரவைக்க குழந்தை பாக்குற வேலை, ஒரு நாள் ரெண்டு நாள்தான்.

வலிச்சா பிடிமானம் தப்புன்னு அர்த்தம். காம்பு மட்டும் வாயில இருந்தா வெடிச்சு ரத்தமே வரும். வாயை நல்லா பெருசா திறந்ததும் காம்பை சுத்தி இருக்குற கருப்பு பகுதியும் சேர்ந்து உள்ள போகணும், கீழ் உதடு வெளிய மடிஞ்சிருக்கணும், தாடை மார்ல இடிக்கணும். சரியா வரலைன்னா சுண்டு விரலை வாயோரம் விட்டு எடுத்துட்டு மறுபடி வைங்க, பத்து தடவை ஆனாலும் பரவால்ல, டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடியே எங்களை கூப்பிட்டு காட்டச் சொல்லி கேளுங்க, அதுக்குத்தான் சம்பளம் வாங்குறோம். மார்ல ஒரு பக்கம் சிவந்து சூடாகி காய்ச்சல் வந்தா டாக்டரை பாக்கணும், ஆனா பால் குடுக்குறதை நிறுத்தக் கூடாது, அந்த பால் குழந்தைக்கு ஒன்னும் பண்ணாது.

டாக்டர் காரணத்தோட பவுடர் பால் குடுக்க சொன்னா குடுங்க, அதுல குத்த உணர்ச்சிக்கு இடமே இல்ல. நான் வேண்டாம்னு சொல்றது சேஃப்டிக்குன்னு முதல் நாளே குடுக்குற பாட்டிலை. தண்ணி மட்டும் ஆறு மாசம் வரைக்கும் எந்த வெயில்லயும் வேண்டாம், தாய்ப்பால்லயே போதுமான தண்ணி இருக்கு.

குடிச்சது போதுமான்னு எப்படி தெரியும்?

டயபரை எண்ணுங்க. முதல் நாள் ஒரு தடவை மூத்திரம், ரெண்டாம் நாள் ரெண்டு, இப்படி ஏறி அஞ்சு ஆறு நாள்ல ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு குறையாம போகணும். மலம் முதல்ல கருப்பா தார் மாதிரி, அப்புறம் பச்சை கலந்து, அஞ்சாம் நாள் வாக்குல மஞ்சள். அஞ்சு நாளாகியும் கருப்பாவே போனா பால் உள்ள போகலை, காட்டுங்க. எடை முதல் சில நாள் குறையத்தான் செய்யும், 10 சதவீதம் வரைக்கும் குறையலாம், 10 முதல் 14 நாள்ல பொறந்த எடைக்கு திரும்பிடணும். நல்லா தூங்குது, தொந்தரவே இல்லன்னு பெருமையா சொல்லுவாங்க சிலர், முதல் வாரத்துல பசிக்கு எழாம தூங்கிக்கிட்டே இருக்குற குழந்தையை பாத்தாத்தான் எனக்கு பயம்.

மஞ்சளா இருக்கு, வெயில்ல காட்டினா சரியாகிடுமா?

பொறந்த குழந்தைங்கள்ல பாதிக்கு மேல கொஞ்சம் மஞ்சளாகும். பழைய ரத்த அணுக்கள் உடையும்போது வர்ற பிலிருபின்ங்கற மஞ்சள் பொருளை கழிச்சுக் கட்ட ஈரலுக்கு இன்னும் பக்குவம் வரலை, அவ்ளோதான். ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிச்சு, அஞ்சு நாள் வாக்குல உச்சத்துக்கு போயி, ரெண்டு வாரத்துல போயிடும். ஆனா முதல் 24 மணி நேரத்துக்குள்ளயே மஞ்சள் தெரிஞ்சா அது எப்பவுமே அவசரம்தான். உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கினாலும், குழந்தை சோர்ந்து பால் குடிக்காம கிடந்தாலும், ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சாலும், மலம் வெளுத்து சுண்ணாம்பு மாதிரி போனாலும் ஆஸ்பத்திரிதான். அளவு மிஞ்சினா பிலிருபின் மூளைக்குள்ள போயிடும், அந்த பாதிப்பை திருப்ப முடியாது.

வெயில் கதைக்கு ஒரு உண்மை இருக்கு. 1956-ல இங்கிலாந்துல ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில ஜீன் வார்டுங்கற சிஸ்டர் குழந்தைங்களை வெளி முற்றத்துக்கு தூக்கிட்டு போவாங்க, வெளிச்சம் பட்ட இடத்துல மட்டும் மஞ்சள் குறைஞ்சிருக்குறதை டாக்டர்ங்க கிட்ட காட்டினாங்க, அதுல இருந்துதான் இப்ப மஞ்சளுக்கு நாங்க குடுக்குற லைட் சிகிச்சையே வந்துச்சு. கண்டுபிடிச்சது ஒரு நர்ஸ்னு சொல்லிக்க எனக்கு ரொம்ப பிடிக்கும். ஆனா லைட்டுல எந்த கலர், எவ்ளோ நேரம், குழந்தையோட சூடு எவ்ளோன்னு எல்லாம் அளந்து வெக்கலாம், வெயில்ல அது முடியாது, சூடேறி தண்ணி சத்து குறையும், இல்ல தோல் வெந்து போகும். அதைவிட பெரிய கெடுதல், வெயில் காட்டுறோம்ங்கற தைரியத்துல ரத்த டெஸ்ட்டுக்கு வராம ரெண்டு நாள் ஓடிப்போறதுதான்.

பயமா இருக்கு ஆனா கேக்க கூச்சமா இருக்குன்னு சில விஷயம்...

கேளுங்க. பெண் குழந்தைக்கு அடியில ரெண்டு சொட்டு ரத்தம், அம்மாவோட ஹார்மோன் நின்னதால வர்றது, ஆணோ பெண்ணோ மார் வீங்கியிருக்குறதும் அதே காரணம்தான், அதை பிதுக்கவே பிதுக்காதீங்க. முதல் ரெண்டு நாள் டயபர்ல செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சு கறை, யூரிக் ஆசிட் உப்பு, அஞ்சாம் நாளுக்கு மேலயும் இருந்தா பால் பத்தலைன்னு அர்த்தம். மூக்கு மேல வெள்ளை புள்ளி, உடம்புல வந்து வந்து மறையுற சிவப்பு தடிப்பு, தும்மல், விக்கல், தோல் உரியறது, சத்தம் கேட்டு ரெண்டு கையும் விரிச்சு திடுக்கிடுறது, எல்லாம் சாதாரணம்.

தொப்புளுக்கு என்ன போடணும்?

ஒன்னும் போடக் கூடாது. சுத்தமா காயவிடுங்க, டயபரை அதுக்கு கீழ மடிச்சு விடுங்க, ஒன்னு ரெண்டு வாரத்துல தானா விழும், இழுக்காதீங்க. சுத்தி சிவந்தா, சீழ் வந்தா, நாத்தம் அடிச்சா காட்டுங்க.

எப்படி படுக்க வைக்கிறது?

மல்லாக்க, எல்லா தடவையும் மல்லாக்க. தலையணை வேண்டாம், முகத்துக்கு வர்ற போர்வை வேண்டாம், பொம்மை வேண்டாம், கெட்டியான சமமான படுக்கை. கக்கினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடாதான்னு கேப்பாங்க, மல்லாக்க படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலயும் உணவுக்குழாய் கீழயும் இருக்கும், அதனால அந்த பயம் வேண்டாம். 1991-ல பிரிட்டன்லயும் 1994-ல அமெரிக்காவுலயும் இதை பிரச்சாரமா பண்ணப்புறம் தூக்கத்துல காரணமே தெரியாம குழந்தைங்க இறக்குறது பாதிக்கு மேல குறைஞ்சுது. பால் குடுத்துக்கிட்டே சோஃபாவுல தூங்கிடறது ரொம்ப ஆபத்து, தூக்கம் சொக்கினா குழந்தையை வாங்கிக்க பக்கத்துல யாராவது இருக்கணும்.

எப்ப குழந்தையை தூக்கிக்கிட்டு ஓடணும்?

பால் குடிக்க மாட்டேங்குது, இல்ல நல்லா குடிச்சுக்கிட்டிருந்தது திடீர்னு விட்டுடுச்சு. நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல மூச்சு வாங்குது, விலா எலும்பு உள்ள இழுக்குது, முனகுது. உதடு நீலமாகுது. வலிப்பு. எழுப்பினாலும் துவண்டு கிடக்குது. பச்சை கலர்ல வாந்தி. டெம்பரேச்சர் 38 ஏறினாலும் சரி, நல்லா போர்த்தி மார்ல அணைச்சும் 36.5-க்கு மேல வரலைன்னாலும் சரி. இத்தனை சின்ன குழந்தைக்கு காய்ச்சல் மருந்து குடுத்து வீட்டுல வெச்சு பாக்குற கதையே கிடையாது. தொட்டுப் பாத்து சொல்லாதீங்க, தெர்மாமீட்டர் வாங்கி வைங்க.

சிசேரியன் பண்ணியிருக்கு, நடந்தா தையல் பிரிஞ்சுடாதா?

பிரியாது, நடக்காம இருந்தாத்தான் ஆபத்து. கர்ப்பமா இருக்கும்போதும் பிரசவம் ஆன சில வாரமும் ரத்தம் சீக்கிரம் உறையற தன்மையோட இருக்கும், படுத்தே கிடந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டி பிடிச்சு, அது நுரையீரலுக்கு போயிடும். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சாலோ மூச்சு திடீர்னு அடைச்சாலோ ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் வந்துடுங்க. இருமும்போது தையல் மேல தலையணையை அழுத்தி பிடிச்சுக்கோங்க. குழந்தையை விட கனமான எதையும் ஆறு வாரம் தூக்க வேண்டாம். வலி மாத்திரையை பாலுக்கு ஆகாதுன்னு முழுங்காம வெச்சிருப்பாங்க, பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பால்ல ரொம்ப ரொம்ப கொஞ்சம்தான் போகும், டாக்டர் எழுதினா வேளைக்கு போடுங்க, வலியோட இருக்குற அம்மாவால குழந்தையை ஒழுங்கா பிடிச்சு பால் குடுக்க முடியாது. நார்மல் டெலிவரியில தையல் போட்டவங்களுக்கு கக்கூஸ் போகத்தான் பயம், அடக்கினா இறுகும், நெறைய தண்ணி குடிங்க, தேவைன்னா இளக்கி மருந்து கேட்டு வாங்குங்க.

பிரசவம் முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு பிபி பாக்குறீங்க?

இதுதான் நெறைய பேருக்கு தெரியாத ஒன்னு, எனக்கு நெஞ்சை அடைக்கிற ஒன்னும் கூட. பிபி பெரும்பாலும் 3-ல இருந்து 6 நாளுக்குள்ளதான் உச்சத்துக்கு ஏறும், அதாவது டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு போனப்புறம். கர்ப்பத்துல பிபியே இல்லாதவங்களுக்கும் வரலாம். தலை பிளக்குற மாதிரி வலி, கண்ணுல பூச்சி பறக்குறது, பார்வை மங்குறது, மேல் வயிறு வலி, முகம் திடீர்னு வீங்குறது, இதெல்லாம் வந்தா தூக்கம் இல்லாததால வர்ற தலைவலின்னு மாத்திரை போட்டு படுத்துடாதீங்க, பிபி 140-க்கு 90 தாண்டியிருந்தா அன்னைக்கே டாக்டரை பாக்கணும், 160-க்கு 110 இருந்தா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது, வலிப்பு வர வாய்ப்பிருக்கு. போனதும் முதல் வாக்கியமே "பிரசவம் ஆகி இத்தனை நாள் ஆச்சு"ன்னு சொல்லுங்க, இல்லன்னா அவங்களும் வெறும் தலைவலின்னு எடுத்துப்பாங்க.

குழந்தை நல்லா இருக்கு, ஆனா எனக்கு அழுகை அழுகையா வருது, நான் கெட்ட அம்மாவா?

இல்லம்மா. மூணு நாள்ல இருந்து அஞ்சு நாளுக்குள்ள காரணமே இல்லாம அழுகை வர்றது ரொம்ப பேருக்கு வரும், ஹார்மோன் மளமளன்னு இறங்குது, தூக்கம் வேற இல்ல, ரெண்டு வாரத்துக்குள்ள அடங்கிடும். ரெண்டு வாரம் தாண்டியும் நீடிச்சா, குழந்தை தூங்கும்போது கூட தூக்கம் வரலைன்னா, எதுலயும் பிடிப்பு இல்லன்னா அது மனச்சோர்வு, நோய்தான், மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கு, பால் குடுத்துக்கிட்டே எடுத்துக்கற மருந்துங்களும் இருக்கு. எடின்பரோ அளவுகோல்னு 1987-ல வந்த பத்து கேள்வி இருக்கு, செக்கப்புல குடுப்பாங்க, கடைசி கேள்வி தன்னையே காயப்படுத்திக்கத் தோணுதான்னு. உண்மையை எழுதுங்க, குழந்தையை பிடுங்கறதுக்கு கேக்குறது இல்ல அது.

இது வேற, ஆயிரத்துல ஒன்னு ரெண்டு பேருக்கு முதல் ரெண்டு வாரத்துல வர்ற தீவிர மனநோய் வேற. இல்லாத குரல் கேக்கும், குழந்தையை பத்தி சம்பந்தமில்லாத நம்பிக்கை வரும், தூக்கமே தேவைப்படாத மாதிரி பரபரன்னு இருப்பாங்க. அப்ப தனியா விடாதீங்க, குழந்தையோடவும் தனியா விடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி. இதை அம்மாவால கண்டுபிடிக்க முடியாது, கூட இருக்குறவங்கதான் கண்டுபிடிக்கணும்.

பாக்க வர்றவங்களை கை கழுவ சொன்னா கோச்சுக்கறாங்களே?

கோச்சுக்கட்டும். 1847-ல வியன்னா பொது ஆஸ்பத்திரியில செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர், பிணத்தை அறுத்துட்டு நேரா பிரசவம் பாக்க வர்ற டாக்டர்ங்களையும் மாணவர்களையும் குளோரின் தண்ணியில கை கழுவ வெச்சார், ஏப்ரல்ல 18 சதவீதமா இருந்த அம்மாக்களோட சாவு ஜூன்ல 2 சதவீதத்துக்கு வந்துச்சு. அப்பவும் பெரிய பெரிய டாக்டர்ங்க கோச்சுக்கத்தான் செஞ்சாங்க. சளி, காய்ச்சல், உதட்டுல கொப்புளம் இருக்குறவங்க குழந்தையை தூக்கவும் வேண்டாம், முத்தமும் வேண்டாம்.

பீரியட்ஸ் வரலையே, அதுக்குள்ள மறுபடி கர்ப்பம் ஆகுமா?

ஆகும், ஏன்னா கருமுட்டை வந்தப்புறம்தான் பீரியட்ஸ் வரும். பால் குடுக்காதவங்களுக்கு நாலு வாரத்துலயே முட்டை வரலாம். தாய்ப்பால் காப்பாத்தும்ங்கறது மூணும் சேர்ந்து இருந்தா மட்டும்தான்: குழந்தைக்கு ஆறு மாசம் ஆகலை, ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டும், பீரியட்ஸ் இன்னும் வரலை. ஒன்னு போனாலும் கணக்கு போச்சு. அடுத்த கர்ப்பத்துக்கு ரெண்டு வருஷமாவது விடுங்க, எந்த முறை வேணும்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே பேசிடுங்க.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு என்னென்ன கேட்டுக்கணும், அப்புறம் எப்பெப்ப வரணும்?

குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போட்டாச்சா, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள்ள போட்டாச்சா, குதிகால்ல ரத்தம் எடுத்து தைராய்டு டெஸ்ட் உண்டா, காது டெஸ்ட் எப்போ. அம்மாவோட ரத்த வகை நெகட்டிவ் (ஆர்எச் நெகட்டிவ்), குழந்தையோடது பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி டி ஊசி போட்டாச்சான்னு கேளுங்க. அவசரத்துக்கு எந்த நம்பர்ல கூப்பிடணும்னு எழுதி வாங்குங்க. மறுபடி பாக்க வேண்டியது ரெண்டு மூணு நாள்ல ஒரு தடவை, 7 முதல் 14 நாளுக்குள்ள ஒரு தடவை, ஆறாவது வாரம் ஒரு தடவை.

அந்த ஆறாவது வாரம் வரும்போதுதான் வேடிக்கை, குழந்தையோட கார்டு, ஊசி, எடை, எல்லாம் பேசி முடிச்சுட்டு அம்மா பையை தோள்ல மாட்டிக்கிட்டு கிளம்பிடுவாங்க. நிறுத்தி உக்கார வெச்சு கேட்டாத்தான் இருமினா மூத்திரம் கசியுதுன்னு மெதுவா வெளிய வரும், தையல் இன்னும் வலிக்குதுன்னு வரும், தூங்கி எத்தனை நாள் ஆச்சுன்னே தெரியலைன்னு வரும். எல்லாருக்கும் நேரம் இருக்காது, கேக்காம விட்டுடுவாங்க, அதனால வீட்டுலயே ஒரு துண்டு சீட்டுல உங்க பேரை மேல போட்டு உங்களுக்கு இருக்குறதை எழுதி எடுத்துட்டு வாங்க, குழந்தையோட கார்டுக்கு முன்னாடி அதை நீட்டுங்க.